அதிகம் பேசப்படாத ராக் ஆல்பங்கள்: எதைக் கேட்கலாம், எந்தப் பதிப்பை வாங்கலாம்?

கேள்வி:
பிங்க் ஃப்ளாய்ட், லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. அதிகம் பேசப்படாத, ஆனால் ஒரு பாட்டைக்கூடத் தாண்டத் தோன்றாத ராக் ஆல்பங்கள் உங்கள் சேகரிப்பில் இருந்தால் சொல்லுங்கள். ஒரே ஆல்பம் மூன்று நான்கு பதிப்புகளாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதும் தெரிய வேண்டும். ஹெட்போனில்தான் கேட்பேன்.

பதில் 1:
ரஷ், 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' (2002). பாட்டுகளில் குறையே இல்லை, ஒலிப்பதிவுதான் இதைக் கவிழ்த்தது. மொத்தம் 13 பாட்டு, கீபோர்டு கிடையாது, அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கியிருப்பார். சத்தத்தை உச்சவரம்பு வரை ஏற்றியதில் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிட்டன. முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி' நீல் பியர்ட்டின் டபுள் பேஸ் டிரம்மோடு ஆரம்பிக்கும். கிட்டார் சேர்ந்ததும் பாருங்கள், சிம்பலின் அடி தனியாகக் கேட்காது, 'ஸ்ஸ்' என்ற இரைச்சலில் கரைந்துபோகும். வால்யூமைக் குறைத்தாலும் ஈக்வலைசரைத் திருகினாலும் அது போகாது, பதிவிலேயே இருக்கிறது. சிதைவு மிக்ஸிங்கிலேயே (தனித்தனியாகப் பதிவான வாத்தியங்களையும் குரலையும் ஒன்றாகக் கலக்கும்போதே) புகுந்துவிட்டதால், கலந்து முடித்த ஒலியை மட்டும் திருத்தும் ரீமாஸ்டர் செய்து பயனில்லை. 2013-ல் தயாரிப்பாளர் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் ரீமிக்ஸ் செய்தார், அதாவது முதலிலிருந்து மறுபடி கலந்தார். வாங்கும்போது பெயரோடு 'ரீமிக்ஸ்டு' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
டாக் டாக், 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988). ஆறே பாட்டு. முதல் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாகச் சுமார் 23 நிமிடம் போகும். ஆரம்பத்தில் டிரம்பெட் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். எல்லாரும் அந்த இடத்தில் வால்யூமை ஏற்றிவிடுகிறார்கள். மூன்றாவது பாட்டான 'டிசையர்' வெடிக்கும்போது காது வலிக்கிறது, ஆல்பத்தையே நிறுத்திவிடுகிறார்கள். 'டிசையர்' வெடிக்கும் இடத்தை முதலில் போட்டு, தாங்கும் அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டு, பிறகு முதலிலிருந்து கேளுங்கள். நடுவில் தொடவே கூடாது. இதற்கு மட்டும் வினைல் இசைத்தட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய இடங்களில் ஊசியின் கரகரப்பு மேலே வந்துவிடும், சிடி போதும்.

கேட்டவர்:
கணினியில் போட்டுப் பார்த்தேன். பாட்டு மாறும் இடத்தில் ஒரு கணம் சத்தம் அறுந்து திரும்ப வருகிறது. ஃபைல் கோளாறா?

பதில் 2:
எம்பி3 ஆக இருந்தால் அப்படித்தான் ஆகும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் இரு முனையிலும் சின்ன மௌனம் ஒட்டிக்கொள்கிறது. பிளேயரில் 'கேப்லெஸ்' (இடைவெளி இல்லாமல் இசைக்கும்) வசதியைப் போடுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை 0 ஆக்குங்கள். அப்படியும் அறுந்தால் சிடியிலிருந்து ஃபிளாக்காக (ஒலி எதையும் இழக்காத ஃபைல் வடிவம்) மறுபடி எடுத்துவிடுங்கள். ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பு இருந்தால் அது 'ட்ராக்' என்று இல்லாமல் 'ஆல்பம்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய பாட்டை அதுவே தூக்கிவிடும், ஒட்டுப்போட்ட இடம் தெரியும்.

பதில் 3:
தி ஜோம்பீஸ், 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' (1968). உறையில் 'ஒடெஸி'யின் எழுத்துப்பிழை அசலிலேயே உள்ளது, போலி என்று நினைத்துவிடாதீர்கள். குழு கலைந்த பிறகுதான், 1969-ல், இதிலுள்ள 'டைம் ஆஃப் தி சீசன்' அமெரிக்காவில் ஓடியது. மெலோட்ரானும் (நாடாவில் பதிந்த வாத்திய ஒலிகளை இசைக்கும் கீபோர்டு) மூன்று நான்கு குரல்களும் பின்னும் அழகுக்காகவே கேட்கலாம். இதற்கு இரு காதுக்கும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோவைவிட, ஒரே ஒலி தரும் மோனோவையே தேடுங்கள். 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டின் பித்தளை வாத்தியங்களை மோனோ மிக்ஸ் செய்யும்போதுதான் நேரடியாகச் சேர்த்தார்கள், வாத்தியங்கள் தனித்தனித் தடங்களாகப் பதிவான மல்டிட்ராக் நாடாவில் அவை இல்லை. அதனால் பழைய ஸ்டீரியோ பதிப்பில் அந்த ஒரு பாட்டு மட்டும் மோனோவிலிருந்து செய்த போலி ஸ்டீரியோ.

டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' (1977) இருந்தால் தலைப்புப் பாட்டின் நீளத்தைப் பாருங்கள். 9:58 என்றால் கடைசியில் ஒலி மங்கி மறையும் எல்பி (வினைல் இசைத்தட்டு) வடிவம். 2003 சிடியில் 10:40, இரண்டு கிட்டாரும் வாசித்து முடிப்பது வரை கேட்கும்.