கடை பில்லை ஏன் பழைய பேப்பரோடு எடுக்கிறார்கள் இல்லை?

மாங்குளத்திலிருந்து:
ஏ9 வீதியோரம் பழைய கடதாசி, காட்போட் மட்டை வாங்கிக் கொழும்புக்கு ஏற்றிவிடுகிறேன். பில் துண்டுகளைத் தனியாக ஒதுக்கச் சொன்னால் சனத்துக்குக் கோபம் வருகிறது. எனக்கும் முதலில் விளங்கவில்லை. லொறியோடு வந்த பெடியன் ஒருவன்தான் சாக்கை அவிழ்த்து, ஒரு பில்லை எடுத்து நகத்தால் அழுத்திக் கீறினான். கீறின இடம் கறுத்தது. "அண்ணை, இதில மை இல்லை, பூச்சுதான் கறுக்குது. இது கலந்தால் மில்லில விலையைக் குறைப்பாங்கள்" என்றான்.

அந்தப் பூச்சில் பெரும்பாலும் இருந்தது பிஸ்பெனால் ஏ (சுருக்கமாகப் பிபிஏ) என்கிற இரசாயனம். அது கடதாசியோடு இறுகிப் பிணைந்திருப்பதில்லை. தொட்டால் விரலில் வரும், கூழாக்கினால் மற்றக் கடதாசிக்கும் பரவும். டிஷ்யூவிலும் மட்டைப்பெட்டியிலும் போய் நிற்பது அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலிருந்து பில் சுருளில் அது நிறையில் 0.02 வீதத்தை எட்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சரி, பிரச்சினை முடிந்ததா? பல கம்பனிகள் பிஸ்பெனால் எஸ்ஸுக்கு மாறின. அண்ணன் போனான், தம்பி வந்தான். 2023இல் தம்பியையும் இனப்பெருக்கத்துக்குக் கேடானது என்று அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிற சட்டத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 'பிபிஏ அற்றது' என்று சுருளில் அடித்திருந்தாலும் நான் ஒதுக்கித்தான் வைக்கிறேன். பில் கிலோக்கணக்கில் வருகிற சாமானும் இல்லை, அதால் எனக்குப் பெரிய நட்டமில்லை. (பிரிட்ஜ், போன் வாங்கின பில்லைப் படம் எடுத்து வையுங்கோ. எழுத்து மங்கிப்போகும்.)

புதுக்குடியிருப்பிலிருந்து:
பில்லை விடுங்கோ, வடை சுற்றுகிற பேப்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்திரிகை மையில் கனிய எண்ணெய் இருக்கிறது. சூட்டு வடையின் எண்ணெய் அதை நன்றாக இழுக்கும். பிரான்ஸில் பொதுமக்களுக்கான அச்சு வேலைகளுக்கு 2025 முதல் அந்த மைக்குத் தடை. ஒருமுறை கடைக்கார அக்காவிடம் சொன்னேன். "அப்ப வாழையிலை கொண்டு வா தம்பி" என்றா. ஞாயம்தான்.

கிளிநொச்சியிலிருந்து:
இங்கே பெரிய தலையிடி விவசாய மருந்துப் பெட்டி. காலபோகம் தொடங்கினால் குவிந்துவிடும். போத்தல் ஒழுகினது மணத்திலேயே தெரியும், மட்டையில் மஞ்சளாய் ஊறியிருக்கும். அதை அடுப்பு மூட்டக் கேட்டு வருகிற ஆட்களும் இருக்கினம். மாங்குளத்து அண்ணை, நீங்கள் அதை எடுப்பீங்களா?

மாங்குளத்திலிருந்து:
காய்ந்த, ஒழுகாத வெளிப்பெட்டி என்றால் எடுப்பேன். ஊறினது வேண்டாம், அதைப் பிரிக்கிற பிள்ளைகள் வெறுங்கையோடுதான் நிற்கினம். அடுப்புக்கும் குடுக்காதேங்கோ, புகை குசினிக்குள்ளேதான் சுற்றும்.