வஜினோசிஸ்: அழற்சியா, தொற்றா, குலைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் துண்டறிக்கையில் பாக்டீரியல் வஜினோசிஸுக்கு (யோனியில் இயல்பாக இருக்கும் நுண்ணுயிர்களின் ஒழுங்கு கலைவது) என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று கேட்டதற்கு 'நுண்ணுயிர் யோனியழற்சி', 'யோனித் தொற்று' என்று இரண்டு பரிந்துரைகள் வந்தன. முதலாவது வேண்டாம். அழற்சி என்றால் சிவந்து, வீங்கி, எரிய வேண்டும். இதில் பெரும்பாலும் அது கிடையாது. பலருக்கு எந்த அறிகுறியுமே இருப்பதில்லை. ஆங்கிலத்திலேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது. 1955இல் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த பெயரில் 'வஜினைட்டிஸ்' இருந்தது. 1984இல் அழற்சியைக் குறிக்கும் 'ஐட்டிஸ்' போய் 'ஓசிஸ்' வந்தது. அவர்கள் கழித்துவிட்டதை நாம் எடுத்துச் சேர்க்க வேண்டாமே.

'யோனித் தொற்று' என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நான் குமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் வேலை பார்க்கும் செவிலி. மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். வேறெங்கோ கொடுத்த சீட்டில் 'தொற்று' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த கணவர் மூன்று நாளாகப் பேசவில்லை. "மீன் சொமக்கதுனால உள்ள உளும்பு மணம்ண்ணுதான் நெனச்சேன் பிள்ளே" என்றார். உளும்பு என்றால் மீன் கவிச்சி. அந்த வாடை போக, தினம் இரண்டு வேளை டெட்டால் தண்ணீர் விட்டு உள்ளே கழுவியிருக்கிறார். அதுதான் கெடுதல்.

லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து யோனியைப் புளிப்பாகவே வைத்திருக்கும். தயிரைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான். அந்த நல்ல பாக்டீரியா குறைந்தால் கார்ட்னெரெல்லா முதலிய வேறு பாக்டீரியாக்கள் பெருகும், புளிப்பு குறைந்து பிஎச் (அமில அளவைக் காட்டும் எண்) 4.5ஐத் தாண்டும், சாம்பல் கலந்த வெள்ளையாக நீர்த்துப் படும், உளும்பு வாடை உறவுக்குப் பின் கூடும். (பூஞ்சையென்றால் தயிர்க்கட்டி போலப் படும், அரிக்கும். எங்களூரில் இரண்டையும் 'வெள்ளைப்படுதல்', 'சூடு' என்று சொல்லிக் கருக்கு (இளநீர்) குடிப்பதோடு விட்டுவிடுகிறார்கள்.) உடலுறவோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஆனாலும் ஒரே ஒரு கிருமி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கதையல்ல இது. உள்ளே இருந்த ஒழுங்கு கலைந்தது. ஆகவே என் பரிந்துரை: 'யோனி நுண்ணுயிர்க் குலைவு'.

———

அக்கா, வணக்கம்.

அழற்சி, தொற்று இரண்டும் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான். ஆனால் 'குலைவு' மட்டும் போதுமா? நம் மாவட்டத்தில் குலை என்றால் முதலில் வாழைக்குலைதான் நினைவுக்கு வரும். 'சமன்குலைவு' என்றால் எது குலைந்தது என்பது தெரிந்துவிடும். 'சமனின்மை' என்றும் யோசித்தேன். அது எப்போதுமே இல்லாததைச் சொல்வது போல இருக்கிறது. இதில் முன்பு இருந்தது கலைகிறது, திரும்பவும் சரியாகிறது.

———

தம்பி, சரி. 'யோனி நுண்ணுயிர்ச் சமன்குலைவு'. துண்டறிக்கையில் முதல் தடவை பாக்டீரியல் வஜினோசிஸ் என்பதையும் பக்கத்திலேயே எழுதுவோம். மருந்துச் சீட்டில் அந்தப் பெயர்தானே இருக்கும்.

கீழே இவ்வளவும் வரட்டும்: உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரையை மருத்துவர் எழுதினால், வாடை போனாலும் சொன்ன நாள் வரை, வழக்கமாக 7 நாள், விழுங்க வேண்டும். சில மாதத்தில் திரும்ப வரலாம். வந்தால் பழைய சீட்டைக் கடையில் நீட்டாமல் மருத்துவரிடம் போகவேண்டும். கர்ப்பிணிகள் கட்டாயம் சொல்ல வேண்டும். குறைப்பிரசவத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது.

அப்புறம், 'உளும்பு' என்ற சொல்லை அப்படியே வைத்துவிடலாம். 'துர்நாற்றம்' என்று போட்டால் அந்த அக்கா படிக்காமலே தாளை மடித்து இடுப்பில் செருகிவிடுவார்.