புதுப்பிப்பு: ஹா ஜியாங் போய்ட்டு வந்தாச்சு, நாளைக்கு ஊருக்குக் கிளம்புறேன்

வியட்நாமில் ஒரு மாசம் முதுகுப்பையோடு சுத்தப் போறேன், வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதையில் நானே பைக் ஓட்டலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். வேண்டாம்னு சொன்னவங்களுக்கு நன்றி. நம்ம ஊரில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி உள்ளது, அங்கே செல்லுபடியாவது 1968 ஒப்பந்தப்படி உள்ளதுதான். உள்ளூர்க்காரர் ஒருத்தர் பின்னாடி உட்கார்ந்து போனேன்.

அதனாலதான் கண்ணாரப் பார்க்க முடிஞ்சுது. 1959-லிருந்து 1965 வரை பெரும்பாலும் கையாலேயே பாறையை உடைச்சுப் போட்ட சாலை அது. மா பி லெங் கணவாயில் நின்னு கீழே பார்த்தா, நோ குவே ஆறு பச்சை நாடா மாதிரி கிடக்கு. பேச்சே வரலை.

சாப்பாடு பத்தியும் கேட்டிருந்தேன். 'அன் சாய்'னு சொன்னா சைவம்னு புரிஞ்சுக்கிறாங்க. பூண்டு போட்டு வதக்கிய கீரையும் டோஃபுவும் எங்கேயும் கிடைச்சுது.

மேயோ வாக்ங்கிற ஊரில் தங்கின வீட்டில் உத்தரம் முழுக்க மக்காச்சோளக் கதிர் தொங்கும். கிளம்புற அன்னைக்கு அந்த வீட்டுப் பாட்டி, அவிச்ச கதிர் ரெண்டைச் சுடச்சுட என் பைக்குள்ள திணிச்சு, ஜிப்பையும் அவங்களே இழுத்து மூடினாங்க. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான வார்த்தை ஒண்ணுகூடக் கிடையாது. இப்போ ஹனோயில் அந்தப் பையை அடுக்கிட்டிருக்கேன், அடியில் இன்னும் ரெண்டு சோள நார் ஒட்டியிருக்கு. தட்டிவிட மனசு வரலை.