தோழிக்காக வேலையில் நின்றது உண்டா?

குன்னூரிலிருந்து
2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்சரிவு நாற்பது பேருக்கு மேல் கொண்டுபோனது. அப்போது நான் இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் முடிந்து ஹேண்ட்ஓவர் கொடுக்க நிற்கிறேன், ரிலீவரைக் காணோம். கோத்தகிரியிலிருந்து வர வேண்டியவர், வழியெல்லாம் மண். கூட நைட் பார்த்த அக்காவுக்கு வீடு நடக்கிற தூரம்தான், போயிருக்கலாம். "உன்னைத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வருமா?" என்றவர், போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு பி.பி. பார்க்கப் போனார். அன்று இரவு எட்டு மணிவரை இருவரும்தான். ஃப்ளாஸ்க்கில் ஆறிப்போன டீ, ஆளுக்கு இரண்டு வர்க்கி.

நிர்வாகம் எங்களைப் பாராட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டியது: மருத்துவமனை மீது பற்றுள்ளவர்களாம்! சிரித்துவிட்டோம். அக்கா இருந்தது எனக்காக, நான் இருந்தது அவருக்காக. கோயம்புத்தூரில் சம்பளம் கூடத் தருகிறோம் என்று கூப்பிட்டும் நான் மலையிறங்காததற்கு அதுதான் காரணம். அப்புறம் புதிதாக வந்த இன்சார்ஜ், "சேர்ந்தா பேச்சுதான்" என்று ரோஸ்டரில் எங்களைப் பிரித்தார். நான்கே மாதம், அக்கா ராஜினாமா. அடுத்த மாதம் என் கடிதம்.

கொடைக்கானலிலிருந்து
எங்கள் கதை வேறு. ஐந்து பேர், ஒரே ஹாஸ்டல். ஒருத்தி வளைகுடா போக பிரோமெட்ரிக் பரீட்சை எழுதினாள். வருடம் முடிவதற்குள் மற்ற நால்வரும் எழுதிவிட்டோம். வார்டே காலி. நட்பு நிறுத்தியும் வைக்கும், கூண்டோடு கிளப்பியும் விடும்.

ஊட்டியிலிருந்து
எம்.எஸ்சி. நர்சிங்கில் மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் எழுதியதைப் படித்தோம். ஒருவர் வேலையில் நிற்பது மூன்று வகையாம்: பிடித்துப்போய், விட்டால் நஷ்டமென்று, விட்டுப் போவது முறையல்ல என்று. இத்தனை வருடம் விட்டுப் போகமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கி, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையும் பூட்டி வைக்கிற இடத்தில் நானிருந்தது இரண்டாவது வகை. ஆனால் காய்ச்சலோடு கிடந்தபோது என் நைட்டைத் தானாக எடுத்துக்கொண்டாளே ஒருத்தி, அவளிருந்த வரைக்கும் சர்ட்டிஃபிகேட் நினைப்பே எனக்கு வரவில்லை. கல்யாணமாகி அவள் கிளம்பிய வாரம்தான் போய்ச் சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டேன்.

மறுபடி குன்னூர்
சொல்ல விட்டுவிட்டேன். அக்கா சேர்ந்த இடத்தில்தான் நானும் சேர்ந்தேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது ரோஸ்டர் போடுவது நான். ஒட்டிக்கொண்டு திரிகிறதுகளை ஒரே ஷிப்டில்தான் போடுகிறேன். பேச்சு கொஞ்சம் அதிகம்தான்.