ஸ்பானிஷில் கடுப்பை எப்படிச் சொல்வது?

மத்ரித்_மாணவி:
கூட வீடெடுத்துத் தங்கியிருக்கிற பெண் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறாள், கேட்டால் "ஆய், பெர்தோன்" என்று ஒரு சிரிப்பு. எனக்குத் தெரிந்தது "எஸ்தோய் என்ஃபதாதா" (கோபமாக இருக்கிறேன்) மட்டும்தான், அதைச் சொன்னால் சண்டைக்கு வந்த மாதிரி முகம் மாறுகிறது. எனக்குக் கோபம்கூட இல்லை, கடுப்புதான். கெட்ட வார்த்தை இல்லாமல் எப்படிச் சொல்வது?

லவாபியெஸ்_வாசி:
"மே மொலெஸ்தா கே தேஹெஸ் லோஸ் ப்ளாத்தோஸ் சூசியோஸ்" என்று சொல்லுங்கள், நீ தட்டுகளை அழுக்காக விட்டுப்போவது எனக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று அர்த்தம். மொலெஸ்தாவுக்கு ஆங்கிலத்தில் இருக்கிற விபரீத அர்த்தம் இங்கே கிடையாது, ஓட்டல் கதவில் மாட்டும் அட்டையிலேயே "நோ மொலெஸ்தார்" என்றுதான் இருக்கும். ஒன்றே ஒன்று, அந்தக் 'கே' வந்தால் வினை சப்ஜங்டிவோவுக்கு (உணர்ச்சி, விருப்பம் சொல்லும்போது வரும் வினைவடிவம்) மாறணும், அதனால் தேஹாஸ் இல்லை, தேஹெஸ். இதற்கும் மசியாவிட்டால் "எஸ்தோய் ஆர்த்தா", அதாவது சலித்துப்போச்சு (ஆண் சொன்னால் ஆர்த்தோ). அதற்கும் மேலே "எஸ்தோய் ஆஸ்தா லாஸ் நரீசெஸ்", மூக்கு வரைக்கும் வந்துவிட்டதாம். மூக்குக்குப் பதில் வேறு உறுப்பைச் சொல்கிறவர்களும் நிறைய, நீங்கள் மூக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய_மாணவன்:
பஸ்ஸைத் தவறவிட்டால் தனக்குத்தானே புலம்ப "கே ரபியா!" போதும். ஹோலின், ஓஸ்த்ராஸ் எல்லாம் கெட்ட வார்த்தையை வாய்க்குள்ளேயே திருப்பிவிட்டவை, அம்மா முன்னாலும் சொல்லலாம், ஆனால் பெரியவர்கள் ஹோலின் என்றால் கொஞ்சம் குழந்தைத்தனமாகத்தான் இருக்கும்.

ஐரிஸ்_அண்ணாச்சி:
நான் இருக்கிற புவெனோஸ் ஐரிஸில் இதில் பாதி எடுபடாது. என்ஃபதாதா என்றால் புரியும், ஆனால் இங்கே சொல்வது எனொஹாதா. கடுப்புக்கு "கே ப்ரோங்கா!", பொறுமை போனால் "எஸ்தோய் போத்ரிதா", அதாவது அழுகியே போயாச்சு. ஸ்பெயினில் ப்ரோங்கா என்றால் திட்டு, சண்டை என்று போய்விடும். மெக்சிகோவில் "கே கோராஹே!" என்பார்கள், அகராதியில் அதற்குத் தைரியம் என்றும் போட்டிருக்கும், குழம்பாதீர்கள்.

மத்ரித்_மாணவி:
நன்றி! கடையில் ஓட்டைப் பொருளைத் தலையில் கட்டினாலும் "எஸ்தோய் ஆர்த்தா" சொல்லலாமா?

லவாபியெஸ்_வாசி:
வேண்டாம், பலனில்லை. "எஸ்தோ நோ புவேதே செர்", அதாவது இப்படி இருக்கக்கூடாது, என்று அமைதியாக ஆரம்பியுங்கள். அப்புறம் "ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்" கேளுங்கள், அது புகார்ப் படிவம், கடையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பல நேரம் அதைக் கேட்டதுமே மேனேஜர் வந்துவிடுவார்.