விஎம்முக்கு (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) டிரைவர்: எங்கிருந்து இறக்கினீர்கள், என்ன ஆச்சு?

ஏற்காடுக்காரன்:
நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்ட ஆபீஸ். ஒன்பது வருஷக் கூலிக் கணக்கு பழைய டெஸ்க்டாப் ஒன்றில் கிடந்தது. அதை பிராக்ஸ்மாக்ஸில் (ஒரே சர்வரில் பல விஎம்களை ஓட்டும் மென்பொருள்) புது விஎம் போட்டு மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டேன். டிஸ்க்குக்கு விர்ட்ஐஓ ஸ்கசி (விஎம்முக்கான வேகமான டிஸ்க் இணைப்பு, விண்டோஸில் அதற்குத் தனியாக டிரைவர் வேண்டும்) வைத்தேன், விண்டோஸ் 10 செட்டப்பில் டிஸ்க் பட்டியல் காலி. உங்களுக்கெல்லாம் தெரிந்த திரைதான். அந்த டிரைவர் இருக்கும் ஐஎஸ்ஓவை (சிடி மாதிரியான ஒரே கோப்பு) கீழேயிருந்து கொண்டுவர மறந்துவிட்டேன்.

மழை, ஹாட்ஸ்பாட்டில் ஒரே ஒரு கோடு சிக்னல். விர்ட்ஐஓ டிரைவரை முறையாகத் தரும் ஃபெடோரா பக்கத்து ஐஎஸ்ஓ அரை ஜிபிக்கு மேல். தேடலில் முதலில் வந்த இன்னொரு தளத்தில் அதே பேரில் வெறும் 6 எம்பி. எடுத்து லேப்டாப்பில் ஓட்டினேன். "உங்கள் கணினியில் 31 டிரைவர்கள் பழையவை" என்று சிவப்பில் ஒரு பெட்டி வந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. டிரைவர் வேண்டியது விஎம்முக்கு, இது என் லேப்டாப்பை எண்ணிக்கொண்டிருக்கிறது. கணக்கு பேக்கப் இருந்த பென் டிரைவ் அதே லேப்டாப்பில் செருகியிருந்தது. பிடுங்கினேன். கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே நின்றார். "ஏந்தம்பி, பதறிப்போயி எடுக்கறீங்க?" என்றார். "ஒண்ணுமில்லீங்கய்யா" என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டை:
எனக்கு நடந்தது வேற. கொலுசு மொத்த வியாபாரக் கடை, பில்லிங் சாஃப்ட்வேர் விண்டோஸ் 7ல மட்டும்தான் ஓடும். சரியான ஃபெடோரா பக்கத்துலதான் டிரைவரை இறக்கினேன், ஆனா இருக்கறதுலயே புதுசை இறக்கினேன். டிரைவர் ஏறவே இல்ல. விண்டோஸ் 7க்கு 0.1.173ங்கற பழைய டிரைவர் வெர்ஷன் வரைக்கும் பின்னாடி போகணும்னு அப்ப எனக்குத் தெரியாது. ஏறாத டிரைவரை ஏறிடுச்சுன்னு நெனச்சு டிஸ்க்கை ஐடிஇலருந்து (தனி டிரைவர் வேண்டாத பழைய டிஸ்க் இணைப்பு) விர்ட்ஐஓவுக்கு மாத்திட்டேன். நீலத்திரை, 0x7பி, அதாவது பூட் டிஸ்க்கே தெரியலங்கற பிழை. தராசுல கொலுசு, எதிர்ல வியாபாரி, பில் போட ஆளில்ல. மறுபடி ஐடிஇக்கே மாத்தினதும் எழுந்துடுச்சு. அந்த ரெண்டு நிமிஷம் மூச்சே வரல.

சூரமங்கலம் சர்வர்:
ஏற்காடுக்காரன், சிக்னல் மேல பழி போடாதீங்க. நெட்வொர்க் கார்டையும் விர்ட்ஐஓவா வெச்சா விஎம்முக்குள்ள நெட்டே வராது, டிரைவர் வெளியேருந்துதான் வரணும். மலை ஏறுறதுக்கு முன்னாடியே கையில இருக்க வேண்டிய சாமான் அது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினப்புறம் தேடுற பொருளா?

என் கதை சின்னது. கூட வேலை பார்த்த பையன் விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற விஎம் மென்பொருளோட கெஸ்ட் அடிஷன்ஸை (அதோட டிரைவர் தொகுப்பு) யாரோ வெச்சிருந்த டிரைவர் தளத்துலருந்து எடுத்தான். வெர்ஷன் பொருந்தல, ஷேர்டு ஃபோல்டர் வரல, ஒரு நாள் போச்சு. விர்ச்சுவல்பாக்ஸோட டிவைசஸ் மெனுவுலயே அந்த சிடி இருக்குன்னு நான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கணும்.

மத்தவங்களுக்காக எழுதறேன். விஎம் எந்த மென்பொருள்ல ஓடுதோ, அதைச் செய்யறவங்ககிட்டருந்தோ அவங்க கைகாட்டற இடத்துலருந்தோதான் டிரைவர் வரணும். மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வின்னா, விண்டோஸ் 10க்கும் அதுக்கப்புறம் வந்த விண்டோஸுக்கும் விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துடும். விஎம்வேர்னா மெனுவுலயே விஎம்வேர் டூல்ஸ்ங்கற டிரைவர் தொகுப்பு இருக்கு. 2023 நவம்பர்ல விஎம்வேரை பிராட்காம் கம்பெனி வாங்கினதுக்கப்புறம் பழைய லிங்க் பல இடம் மாறிப்போச்சு. லிங்க் செத்ததும் கண்ட இடத்துல தேடாதீங்க, பிராட்காம் சப்போர்ட் பக்கத்துக்குப் போங்க. உள்ள ஓடறது லினக்ஸ்னா இந்தத் தலைவலியே இல்ல. அதோட கெர்னல்ல (மையப் பகுதி) 2008லருந்தே விர்ட்ஐஓ இருக்கு, விஎம்வேருக்கு ஓபன்-விஎம்-டூல்ஸ் டிஸ்ட்ரோவோட (நீங்க போட்ட லினக்ஸ் வகை) களஞ்சியத்துலயே கிடைக்கும். கேவிஎம் (லினக்ஸுக்குள்ளயே இருக்கற விஎம் வசதி), பிராக்ஸ்மாக்ஸ்ல விண்டோஸ்னா ஃபெடோரா பக்கத்துல ஸ்டேபிள், லேட்டஸ்ட்னு ரெண்டு இருக்கும், கடை கண்ணிக்கு ஸ்டேபிள் எடுங்க. டிஸ்க்குக்கு ஸ்கசி கன்ட்ரோலர் வெச்சிருந்தா ஐஎஸ்ஓவுல வயோஸ்கசி ஃபோல்டர், விர்ட்ஐஓ பிளாக்னா வயோஸ்டோர் ஃபோல்டர். இதை மாத்திக் காட்டிட்டு டிரைவர் சரியில்லைன்னு வேற தளத்துக்கு ஓடறவங்கதான் நெறைய. பதியும்போது வெளியீட்டாளர் ரெட் ஹேட்னு (இந்த டிரைவரைச் செய்யற கம்பெனி) வரணும். வேற பேர் வந்தா அங்கேயே நிறுத்துங்க.

செவ்வாய்ப்பேட்டை, நீங்க மொதல்ல 1 ஜிபில ஒரு சும்மா டிஸ்க்கை விர்ட்ஐஓவா சேர்த்து, விண்டோஸ் அதைப் பார்க்குதான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் சி டிரைவை மாத்தியிருக்கணும்.

செவ்வாய்ப்பேட்டை:
அடுத்த ஞாயித்துக்கிழமை கடை மூடினப்புறம் அப்படித்தான் பண்ணினேன். ஓடுது.

அம்மாப்பேட்டை:
ஏற்காடுக்காரன், அந்த லேப்டாப்பை என்ன பண்ணீங்க? அதுலருந்து பிராக்ஸ்மாக்ஸுக்குள்ள லாகின் பண்ணியிருந்தீங்கதானே?

ஏற்காடுக்காரன்:
ஆமாங்க. லேப்டாப்பை அன்று இரவே அழித்து புதுசாகப் போட்டேன். பாஸ்வேர்டு எல்லாம் மாற்றினேன். பென் டிரைவை அதற்கப்புறம் எதிலும் செருகவில்லை. பேக்கப்பைப் பழைய டெஸ்க்டாப்பிலிருந்து திரும்ப எடுத்தேன், ஐஎஸ்ஓவைச் சேலத்தில் இறக்கிக்கொண்டு மறுநாள் மேலே போய் முடித்தேன். சூரமங்கலம் சொன்னது சரி, சிக்னல் காரணமில்லை. கணக்குப்பிள்ளையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. வியாழக்கிழமை பிரிண்டர் வேலையாக மேலே போகிறேன், அப்போது சொல்லிவிடுகிறேன்.