காபி-சிக்கரி கணக்கு: 12 கிலோ, 6,600 ரூபாய். எங்கே இடிக்குது?

அஸ்தம்பட்டி டிபன் கடை:
கடைக்கு மாசம் 12 கிலோ காபித்தூள் வேணும். ஏற்காட்டுக் கொட்டை, வறுத்தது, கிலோ 700. சிக்கரி 250. பட்ஜெட் 6,600. எது எத்தனை கிலோ? காபியை ‘க’ என்று வைத்து 700க + 250 × 12 − க = 6600 என்று போட்டேன். க = 5.15 வருது. ஆனா அந்த அளவுக்கு விலை போட்டால் 5,318 ரூபாய்தான் ஆகுது.

கணக்கு வாத்தியார்:
அடைப்புக்குறியை விட்டுட்டீங்க. 12 கிலோவுக்கும் சிக்கரி விலை போட்டுட்டு, காபி எடைக்குக் கிலோவுக்கு 250 கழிக்காம ஒரே ஒரு ரூபாய் கழிச்சிருக்கீங்க.

700க + 250(12 − க) = 6600
450க = 3600
க = 8

காபி 8, சிக்கரி 4. 5,600 + 1,000 = 6,600, சரியா வருது. அந்த 450 என்ன தெரியுமா? ஒரு கிலோ சிக்கரியை எடுத்துட்டு காபி போட்டா கூடுற செலவு. எல்லாமே சிக்கரின்னா 3,000. மீதி 3,600-இல் எத்தனை 450 இருக்கோ அத்தனை கிலோ காபி.

செவ்வாய்ப்பேட்டை:
பேனாவே வேண்டாம். சராசரி விலை 550. சிக்கரியிலிருந்து அது 300 மேலே, காபியிலிருந்து 150 கீழே. குறுக்கே மாத்தினா காபி 300-க்குச் சிக்கரி 150, அதாவது 2:1. சராசரி 250-க்கும் 700-க்கும் நடுவில் விழலைன்னா அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. பாக்கெட் போட்டு விற்கிறதானா சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, இங்கே 33 தான்.

மலைக்காரர்:
பச்சைக் கொட்டை வாங்கி வறுத்தா எடை 15–20 சதவீதம் இறங்கும். 20-ன்னு வைங்க. 8 கிலோவோட 20 சதவீதம் கூட்டி 9.6 வாங்குவாங்க, வறுத்தா 7.68 தான் நிக்கும். இழப்பு பச்சை எடைமேல போகுது. பச்சை எடையை ‘ப’-ன்னு வைங்க: 0.8ப = 8, ப = 10.

அஸ்தம்பட்டி டிபன் கடை:
புரிஞ்சுது சார். அரவைக்கூலி கிலோவுக்கு 25 கேக்கறாங்க, காபிக்கு மட்டும். சிக்கரி தூளாவே வருது.

கணக்கு வாத்தியார்:
அப்போ 700 இருந்த இடத்தில் 725. 475க = 3600, க = 7.58. ஏழரை காபி, நாலரை சிக்கரின்னு எடுங்க. 6,562.50 ஆகும். எட்டுன்னு மேலே தள்ளினா 200 ரூபாய் துண்டு விழும்.